60 செ.மீ. தொட்டியில் எத்தனை மீன்? நைட்ரேட் சொன்ன கணக்கு

தொட்டி 60 × 30 × 36 செ.மீ. பெருக்கினால் 64.8 லிட்டர் வரும். விளிம்புக்கு 4 செ.மீ. கீழே வரை நிரப்பி, 5 செ.மீ. கனத்துக்கு மணலும் போட்டபின் நிற்கும் தண்ணீர் சுமார் 52 லிட்டர். மருந்து அளவானாலும் மீன் எண்ணிக்கையானாலும் கணக்கு இந்த 52-க்குத்தான்.

ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) தண்ணீருக்கு ஓர் அங்குல நீள மீன் என்ற பழைய விதியைத் தள்ளிவைத்தாயிற்று. அதன்படி பார்த்தால் இதில் 30 செ.மீ. ஆஸ்கர் மீன் ஒன்றை விடலாம், 30 செ.மீ. அகலத்தில் அதனால் திரும்பக்கூட முடியாது. நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது, கழிவும் கூடவே ஏறுகிறது. ஆகவே வளர்ந்த அளவு சிறியதாக உள்ள இனங்கள் மட்டும்.

முதலில் மீனில்லாமல் சைக்கிளிங், அதாவது கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்ப்பது. 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) அம்மோனியா விட்டால், 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக வேண்டும். பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். முடிந்ததும் பெரும்பகுதித் தண்ணீரை மாற்றிவிட்டு, ஹார்லெக்வின் ராஸ்போரா என்ற சிறு மீன் 8.

இதன்பிறகு பார்க்க வேண்டியது, நைட்ரேட் வாரத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதை. (நைட்ரேட் சோதனைக் கிட்டின் இரண்டாவது குப்பியை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்குங்கள், அடியில் படிந்தது கலக்காவிட்டால் குறைத்துக் காட்டும்.) ராஸ்போரா 8-க்கு வாரம் 5 பிபிஎம் ஏறியது. குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் இல்லை, வாரம் 25% மாற்றுகிறோம் என்றால், உச்சம் 5 ÷ 0.25 = 20-இல் வந்து நிற்கும். அதற்கு மேல் போகாது. ஆனால் அங்கே போய்ச் சேரப் பல வாரம் ஆகும். முதல் மாத அளவைப் பார்த்து நம்பி மீன் சேர்ப்பதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம்.

அடுத்து பிக்மி கோரிடோரஸ் 6. தீவனமும் கூடியதால் ஏற்றம் வாரம் 8. பழையபடி 25% மாற்றினால் உச்சம் 32 ஆகும். 40% மாற்றினால் பழைய 20-லேயே நிற்கும். வாரம் 21 லிட்டர் தூக்கிச் சுமப்பது முடிகிற வேலை, அதற்கு மேல் வேண்டாம். எனவே 14 மீனோடு நிறுத்தம்.

கப்பி சேர்க்கவில்லை. ஆணை எடுத்துவிட்டாலும் பெண் கப்பி சேமித்த விந்தைக் கொண்டே மாதாமாதம் குஞ்சு போடும். போட்ட கணக்கெல்லாம் குலைந்துவிடும்.

செடி அடர்ந்த தொட்டியில் நைட்ரேட் சரியாக இருந்தும் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது ஆக்சிஜன் குறைவு. இரவில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஃபில்டர் வாயை நீர்மட்டத்துக்கு உயர்த்தி மேற்பரப்பு அலையும்படி வையுங்கள், அல்லது இரவில் ஏர் பம்ப் ஓடட்டும்.