பத்து நொடிக்குள் பீட் ராக் கேட்டது

பழைய இசைத்தட்டுகளிலிருந்து சின்னச் சின்ன ஒலித் துண்டுகளை எடுத்துப் புதுப் பாட்டு கட்டுவதைச் சாம்பிளிங் என்பார்கள். அதற்கான எஸ்பி-1200 என்ற இயந்திரத்தில் மொத்தமே பத்து நொடி ஒலியைத்தான் பதிந்து வைக்கலாம். அதிலும் ஒரு துண்டு இரண்டரை நொடியைத் தாண்டக்கூடாது. எமு நிறுவனம் 1987-ல் வெளியிட்ட இந்தப் பெட்டிக்குள் நியூயார்க்கின் ஹிப்-ஹாப் இசையமைப்பாளர்கள் முழுப் பாடல்களையே கட்டினார்கள். இடம் போதவில்லையா? நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓடவேண்டிய இசைத்தட்டை 45-ல் ஓட்டிப் பதிவார்கள். நீளம் சுருங்கிவிடும். அப்புறம் இயந்திரத்துக்குள்ளேயே சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். அப்படி இறக்கும்போது ஒலியில் ஒரு சொரசொரப்பு ஏறும். 12 பிட் என்ற குறைந்த தரமும் அதோடு சேர்ந்துகொள்ள, 90-களின் தொடக்கத்து நியூயார்க் ஹிப்-ஹாப்பை ஹெட்ஃபோனில் கேட்டால் எல்லாவற்றின்மேலும் மெல்லிசாக மணல் தூவியதுபோல இருக்கும். இன்று அந்த மணலுக்காகவே தனி மென்பொருள்கள் விற்கிறார்கள்.

அந்தப் பெட்டியை வைத்துப் பெரிய வேலைகள் செய்தவர்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் நியூயார்க்கை ஒட்டிய மவுன்ட் வெர்னன் ஊர்க்காரரான பீட் ராக். ஹெவி டி என்ற ராப் கலைஞர் அவருடைய உறவினர். ஹெவி டி குழுவில் நடனமாடிய ட்ராய் டிக்ஸன் 1990 ஜூலையில் இண்டியானாபொலிஸில் ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு உயரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். வயது 22. அந்தத் துக்கத்திலிருந்து வந்ததுதான் பீட் ராக்கும் ராப் பாடகர் சிஎல் ஸ்மூத்தும் 1992-ல் வெளியிட்ட 'தே ரெமினிஸ் ஓவர் யூ'. அந்த நான்கு சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ட்ராய் என்று வரும்.

அதன் தொடக்கத்தில் ஒரு சாக்ஸஃபோன் வரி வருமே, அது 1967-ல் டாம் ஸ்காட் வாசித்தது. கலிஃபோர்னியாக்காரர், அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் 'டுடே' என்ற காதல் பாட்டை அவர் தன் முதல் ஆல்பத்தில் கோரஸ் குரல்களோடு வாசித்திருக்கிறார். அசலைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். இதமான பாட்டு. பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அந்த சாக்ஸஃபோன் வரி நடுவில் எங்கோ வந்து, நின்று கவனிப்பதற்குள் போய்விடும்.

பீட் ராக் அதை நிறுத்திவைத்தார். பேஸ், கோரஸ், சாக்ஸஃபோன் எல்லாமே அந்த ஒரே பாட்டிலிருந்துதான். அடியில் வேறொரு இசைத்தட்டிலிருந்து எடுத்த கனமான டிரம்ஸ். காதல் பாட்டின் ஒரு மூலையில் ஒப்பாரி ஒன்று இருந்திருக்கிறது, அதை வாசித்தவரே கவனித்திருக்க வாய்ப்பில்லை. அதற்குமேல் சிஎல் ஸ்மூத் தன் தாய், தாத்தா, மாமா என்று குடும்பத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் ட்ராயிடம் வந்து சேர்கிறார். ஆங்கில ராப் புரியாத என் அம்மாகூட இதைக் கேட்டுவிட்டு, "யாரோ செத்துப்போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

"அடுத்தவன் பாட்டை எடுத்துப் போடுறதுதானே, இதுல என்ன இருக்கு?" என்று என் நண்பர்கள் சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. சாம்பிளிங் என்பது காதால் செய்கிற இசையமைப்பு. பல்லாயிரம் பேர் கேட்டுவிட்டுக் கடந்துபோன இடத்தில் ஒருவருக்கு மட்டும் இன்னொரு பாட்டு கேட்கிறது. 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்தில் இளையராஜா போட்ட 'உனக்கும் எனக்கும்' பாட்டை 2003-ல் பிளாக் ஐட் பீஸ் குழு எடுத்தாண்டபோதும் நடந்தது இதுதான். எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் காசு விஷயத்தில் நண்பர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பதிவானது. நடுவில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்க, கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் தனியாகச் சில நொடிகள் டிரம்ஸ் வாசிப்பார். பப்ளிக் எனிமி, எல்எல் கூல் ஜே என்று எத்தனையோ ராப் கலைஞர்கள் அதை எடுத்துப் பாடல் கட்டினார்கள். பாட்டின் உரிமையில் ஸ்டபிள்ஃபீல்டுக்குப் பங்கு இல்லை, அதனால் சாம்பிள் பணமும் வரவில்லை. புற்றுநோய் வந்தபோது அவருடைய மருத்துவச் செலவில் சுமார் 90,000 டாலரைப் பாடகர் பிரின்ஸ் சத்தமில்லாமல் கட்டினார். 2017-ல் ஸ்டபிள்ஃபீல்ட் இறந்தார். அவருடைய விரல்களுக்கும் கால்களுக்கும் இந்த இசை பட்டிருக்கும் கடனைப் பேசாமல் சாம்பிளிங்கைப் புகழ எனக்கு மனம் வருவதில்லை.

சட்டமும் அவருக்கு உதவவில்லை. பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டை அனுமதி இல்லாமல் எடுத்த ராப் கலைஞர் பிஸ் மார்க்கிமீது 1991-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதி 'திருடாதே' என்ற பைபிள் கட்டளையோடுதான் தீர்ப்பையே தொடங்கினார். அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, ஒவ்வொரு அனுமதிக்கும் பணம். பணம் போனது பாட்டின் உரிமை வைத்திருந்தவர்களுக்குத்தான், டிரம்ஸ் வாசித்தவருக்கு இல்லை. பப்ளிக் எனிமிக்காக பாம் ஸ்குவாட் என்ற இசையமைப்புக் குழு 1988-ல் செய்ததுபோல ஒரே பாட்டில் சாம்பிள்களை அடுக்கடுக்காகக் குவிப்பது கட்டுப்படியாகாத காரியமாகிவிட்டது. லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துண்டை, முழுசாக ஓடவிடாமல் பொடிப்பொடியாக வெட்டி அடுக்குவது வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். டிஜே பிரீமியர் அதில் மன்னர். அவருடைய கேங் ஸ்டார் குழுவின் 'மாஸ் அப்பீல்' (1994) முழுவதும் விக் ஜூரிஸ் என்ற கிட்டார் கலைஞரின் பதிவிலிருந்து வெட்டிய சில சுரங்களின்மேல்தான் நிற்கிறது.

சரி, ஜே டில்லாவுக்கு வருகிறேன். இவருக்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

இயற்பெயர் ஜேம்ஸ் யான்சி, டெட்ராய்ட்காரர், 1974-ல் பிறந்தவர். அவருடைய கருவி அகாய் எம்பிசி 3000 என்ற சாம்பிளிங் இயந்திரம். நாம் தட்டும் அடி கொஞ்சம் முன்பின் விழுந்தால் அதை அருகிலுள்ள கட்டத்தில் தானாகக் கொண்டுபோய் உட்காரவைக்கும் வசதி அதில் உண்டு. டில்லா அந்தக் கட்டத்துக்குப் பணியவில்லை. ஹை-ஹாட் என்ற ஜால்ரா நேராக நடக்கும், ஸ்னேர் என்ற சின்ன டிரம் மயிரிழை முந்தும், கிக் என்ற காலால் மிதிக்கும் பெரிய டிரம் தன்பாட்டுக்குத் தளர்ந்து விழும். தி ரூட்ஸ் குழுவின் டிரம்மர் குவெஸ்ட்லவ் முதல்முறை கேட்டபோது, குடித்துவிட்டு ஒரு குழந்தை கிக்கை மிதிப்பதுபோல இருந்தது என்று சொல்லியிருக்கிறார். பிறகு அவரே அந்த நடையைக் கையில் கொண்டுவர உழைத்தார்.

சின்ன வயதில் மிருதங்கம் படித்தவன் நான். தாளம் ஓடினாலும் இழுத்தாலும் தொடையில் அடி விழும். அதனாலோ என்னவோ, டில்லாவை முதலில் கேட்டபோது உடம்பு கூசியது. இரண்டு நாள் விடாமல் கேட்டதும்தான் விஷயம் பிடிபட்டது. கை பிசகினால் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் வேறு வேறு இடத்தில் விழும். டில்லாவின் அடி ஒவ்வொரு முறையும் அதே தள்ளிய இடத்தில்தான் விழுகிறது. அது பிசகு இல்லை, அவர் தேர்ந்தெடுத்த இடம். மற்றவர்கள் பழைய இசைத்தட்டில் ராகத்தையும் ஒலியின் நிறத்தையும் தேடினார்கள். இவர் தேடியது மனிதர்களின் கை. இயந்திரத்துக்குள் அந்தக் கையை அவர் உட்காரவைத்தார். இன்று ஜாஸ் டிரம்மர்கள் உண்மையான டிரம்ஸில் அந்த நடையைப் பயிற்சி செய்கிறார்கள். அவருடைய எம்பிசி வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அரிய ரத்தநோயும் லூபஸும் அவரை அலைக்கழித்தன. 2006 பிப்ரவரி 7, அவருடைய 32-வது பிறந்தநாளில் 'டோனட்ஸ்' ஆல்பம் வெளிவந்தது. 31 துண்டுகள், பெரும்பாலும் ஒன்றரை நிமிடம்கூட இல்லாதவை. மூன்று நாளில் இறந்துவிட்டார்.

அதில் 'டோன்ட் கிரை' என்று ஒன்று இருக்கிறது. தி எஸ்கார்ட்ஸ், அதாவது நியூஜெர்சியின் ராவே சிறையில் கைதிகள் சேர்ந்து உருவாக்கிய குழு, பாடிய சோல் பாட்டுதான் மூலம். டில்லா முதலில் அதைக் கிட்டத்தட்ட அப்படியே ஓடவிடுகிறார். நாம் அசலைத் தெரிந்துகொள்ள நேரம் கொடுக்கிறார். பிறகு வெட்டத் தொடங்குகிறார். சொற்கள் உடைந்து பாதி எழுத்துகளாகின்றன, குரலே தாள வாத்தியமாகிறது, வரிசை மாறி வேறொரு மெட்டு கிளம்புகிறது. "எடுத்துப் போடுறதுதானே" என்று சொல்லும் நண்பருக்கு நான் இப்போது விளக்கம் சொல்வதில்லை. இந்த இரண்டு நிமிடத்தை ஹெட்ஃபோனில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறேன்.