காங்கேசன்துறை கண்ணில் படும் வரை

நாகப்பட்டினத்தில் இருந்து யாழ்ப்பாணத்தின் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கடல்வழி சுமார் 110 கிலோமீட்டர். கப்பலில் நாலு மணி நேரம். விமானத்தில் வந்தால் கைக்காசு கரைந்துவிடும் என்றுதான் இதில் ஏறினேன். முதல் மூன்று மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்று, குலுக்கல், ஆங்காங்கே சத்தி எடுக்கும் சத்தம், நித்திரை.

கடைசி ஒரு மணி நேரம்தான் படாத பாடு படுத்தியது. நடுக்கடலில் இந்தியச் சிம்முக்கும் சிக்னல் இல்லை, எங்கள் இலங்கைச் சிம்முக்கும் இல்லை. சென்னையில் நின்ற மாதங்களில் மகளின் முகத்தை வீடியோவில் தினமும் பார்த்தேன், சமாளித்தேன். வீடு கிட்ட வரும்போதுதான் பொறுக்க முடியவில்லை.

யாழ்ப்பாணம் தட்டை நிலம். மலையா, மேடா, தூரத்தில் இருந்து அடையாளம் காண? ஜன்னல் கண்ணாடியில் உப்பு படிந்திருந்தது. சட்டைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். முதலில் மங்கலாக ஒரு கறுப்புக் கோடு. அப்புறம் அந்தக் கோட்டில் பனை வட்டுகள் பிரிந்து தெரிந்தன. பிறகு வெளிச்சவீடு, 1990இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலை. பக்கத்து இருக்கை அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். தலைமன்னாரில் இருந்து ராமேஸ்வரத்துக்கு ஓடிய ராமானுஜம் கப்பலில் சின்ன வயதில் போனவராம். போர் தொடங்கிய பிறகு அது நின்றது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே இந்தப் பயணிகள் கப்பல் ஓட 2023 அக்டோபர் ஆகிவிட்டது. இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு இத்தனை வருடம் கடலைச் சும்மா விட்டது பெரிய அநியாயம்.

போன் உயிர் பெற்றதும் வீட்டுக்கு எடுத்தேன்.

"அப்பா, எங்க நிக்கிறீங்கள்?"

"வெளிச்சவீடு தெரியுது, செல்லம்."

"அப்ப சோறு போடச் சொல்லட்டே?"

பதில் சொல்ல வாய் வரவில்லை.

சரி, அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வெளியே ஓர் ஆட்டோக்காரர் நின்றார். சுன்னாகத்துக்கு 3000 ரூபாவாம்! பத்துக் கிலோமீட்டர் கூட வராது. பெட்டியோடு வருகிறவனுக்கு அவசரம் என்று தெரிந்து கேட்கிற விலை இது. வயிறு எரிந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு வீதிக்கு நடந்து பஸ் பிடித்தேன். அதில் பத்தில் ஒரு பங்கு கூடச் செலவாகவில்லை. நீங்களும் அதையே செய்யுங்கள்.

வீட்டில் விளைமீன் குழம்பு, முருங்கையிலை வறை, மாங்காய்ச் சம்பல். மகள் மடியை விட்டு இறங்கவே இல்லை, ஒரு கையால்தான் சாப்பிட்டேன். சென்னையில் எத்தனையோ ஹோட்டலில் சாப்பிட்டேன், ஒன்றும் இதற்குக் கிட்ட வராது.

போக நினைப்பவர்கள் மாசி, பங்குனியில் போங்கள், கடல் அமைதியாக இருக்கும். வாடைக் காலத்தில் கப்பல் ஓடும் என்று நம்பி லீவு போட வேண்டாம். அடுத்த பங்குனியில் நாங்கள் மூவருமாக நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போவதாக முடிவு. மூன்று டிக்கெட்டுக்கு இப்போதே காசு சேர்க்கத் தொடங்கியாயிற்று.