முதலில் லஸ்கரிடம் பேசுங்கள்

வன உயிரின வாரம் அக்டோபர் முதல் வாரத்தில் வருகிறது. காவிரி டெல்டாவில் அப்போது ஆறு, வாய்க்கால் எல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் நீர்நாய்ப் படம் வரைவார்கள், ஊர்வலம் போவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த நீர்நாய்க்கும் ஆமைக்கும் உண்மையில் நெருக்கடி வருவது மேட்டூர் மூடிய பிறகு. ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். இடைப்பட்ட மாதங்களில் ஆறு மடுக்களாகச் சுருங்கிவிடும். மீன், ஆமை, நீர்நாய் என எல்லாம் அந்த மடுக்களில் ஒண்டிக்கொள்ளும். தூர்வாரும் இயந்திரம் இறங்குவதும் அப்போதுதான். இவற்றைக் காப்பாற்றுவதற்கான பேச்சை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட வேண்டும்.

யாரிடம் ஆரம்பிப்பது? மனு என்றால் எல்லோரும் மாவட்ட அலுவலகத்துக்குத்தான் கொண்டுபோவார்கள். அதுவும் தேவை. ஆனால் மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குகிறவர் லஸ்கர் எனும் ஊழியர். எந்த மதகுக்குக் கீழே கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்த வளைவில் ஆமை கிடக்கும், யார் இரவில் வலை போடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரோடு ஒரு மாலை கரையில் நடந்தால் கிடைக்கும் தகவல், அலுவலகக் கோப்பில் கிடைக்காது.

அப்படி நடக்கும்போது பார்க்க வேண்டிய முதல் இடம், மதகுக்குக் கீழ்ப்புறம் தண்ணீர் விழுந்து அரித்த பள்ளம். தூர்வாரும் வேலையில் அந்தப் பள்ளத்தை விட்டுவிடச் சொல்லிப் பொறியாளரிடம் கேட்கலாம். உயிரினத்தின் பேரைச் சொல்லிக் கேட்டால் கதவு பாதிதான் திறக்கும். ஆற்றின் படுகை மட்டத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். பள்ளம் அந்த மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, அங்கே அள்ள வேண்டிய மண் கணக்கிலேயே வராது. ஒப்பந்ததாரருக்கும் நட்டமில்லை. ஒத்துக்கொண்டால், மறுநாள் இயந்திரம் வருவதற்குள் நான்கு மூலையிலும் மூங்கில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். வாய்ப்பேச்சாக விட்டால், இயந்திரம் ஓட்டுகிறவருக்கு அது போய்ச் சேராது.

அந்த ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை. ‘நிறுத்துங்கள்’ என்றால் பணம் போகும். அவர் இருக்கையிலிருந்து பார்த்தால் ஆமை தெரியவும் தெரியாது. பாலாமை என்ற நன்னீர் ஆமை ஈரம் இருக்கும் சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கும். தலையையும் கால்களையும் இழுத்துக்கொண்டு, பின்கால்களை அடியோட்டின் மடல்களால் மூடிக்கொண்டால் மண் அப்பிய கவிழ்த்த சட்டிதான். ஆகவே இயந்திரத்தின் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடக் கரையில் கொட்டிய மண்ணைப் பார்ப்பது மேல். கொட்டிக் கொஞ்ச நேரம் கழித்து மண் அசையும். வெயில் ஏறிய பிறகு அங்கே கிடந்தால் ஆமை காய்ந்து செத்துவிடும். கரை ஓரத்து வயல்காரர் ஒருவர் காலையிலும் மதியமும் அந்த மண்மேட்டை ஒரு நடை பார்த்தாலே போதும்.

எடுக்கும்போது ஓட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பாலாமையின் கழுத்து நீளம், திரும்பிக் கடிக்கும். ஆமையை வைக்கும் வாளியில் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நனைத்த சாக்கு போதும். நிழலில் வைக்க வேண்டும். முட்டை வெளிப்பட்டால் புரட்டக் கூடாது. இட்டுச் சில நாளான முட்டையைப் புரட்டினால் உள்ளே கரு செத்துவிடும். மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, எடுத்த வாகிலேயே வைக்க வேண்டும்.

அடுத்து நடக்கும் தவறு புண்ணியத்தின் பேரில் நடப்பது. ஆமையைக் கொண்டுபோய்க் கோயில் குளத்தில் விட்டுவிடுவார்கள். நாலு பக்கமும் கருங்கல் படி, புதைய சேறு கிடையாது, முட்டையிட மண்கரை கிடையாது. கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே சேறும் சரிவான கரையும் உள்ள மடுவில் விடுவதுதான் சரி. இன்னொன்று, பாலாமை 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நல்லெண்ணத்தில் வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம். வேலை தொடங்கும் முன்பே வனக்காப்பாளரின் தொலைபேசி எண் லஸ்கரிடமும் ஓட்டுநரிடமும் இருந்துவிட்டால், ஆமை கிடைத்த பிறகு யாரும் பயந்து ஒளிக்க மாட்டார்கள்.

தகவல் சொல்வதில் இன்னொரு சிக்கல் இடத்தின் அடையாளம். நீர்வளத்துறைக்காரர் மைல்கல்லையும் மதகையும் வைத்து இடம் சொல்வார். வனத்துறைக்கு ஊர்ப் பெயர் வேண்டும். மீனவருக்கு அது இன்னார் வீட்டுப் படித்துறை. மூன்று பேரும் ஒரே மடுவைத்தான் சொல்கிறார்கள் என்பது பல சமயம் மூன்று பேருக்கும் தெரியாது. ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு மடுவுக்கும் மூன்று அடையாளத்தையும் எழுதி, ஆளுக்கொரு பிரதி கொடுத்தால் அவசரத்தில் உதவும். பெரிய செயலி எதுவும் வேண்டாம்.

குளங்களின் கதை வேறு. மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி குத்தகை பசலி ஆண்டுக் கணக்கில் போகும், ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 வரை. குத்தகை முடியும் தறுவாயில் எடுத்தவர் மோட்டார் வைத்துக் கடைசிச் சொட்டு வரை இறைப்பார். ‘ஒரு மூலையில் முழங்கால் அளவு விடுங்கள்’ என்று மே மாதம் போய்க் கேட்டால் அவர் ஏன் விட வேண்டும்? விட்ட மீன் அடுத்த குத்தகைக்காரருக்குத்தானே போகும். அந்தச் சொல் ஏல நிபந்தனையிலேயே இருக்க வேண்டும், அதுவும் ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே. அப்போது அதற்குத் தக்கபடி விலை கேட்பார்கள், பிறகு சண்டை இல்லை. விரால் குஞ்சுக்கு இப்படி நிபந்தனை தேவைப்படுவதில்லை. செந்நிறமாகக் கூட்டமாய் மேலே வரும் குஞ்சுக்குக் கீழே பெரிய மீன் காவலிருப்பதும், அதைப் பிடித்தால் குஞ்சு முழுக்கப் போய்விடும் என்பதும் எந்த மீனவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெல்லிய நைலான் இழையில் பின்னிய தங்கூசி வலையை மடுவில் இரவு முழுக்க விட்டால், மூச்சுவிட மேலே வர முடியாமல் நீர்நாயும் ஆமையும் உள்ளேயே சாகும். நீர்நாய் வலையைக் கிழிப்பதும் உண்மை. அந்த நட்டத்தை மறுத்துப் பேசினால் மீனவர் அதற்குப் பிறகு எதையும் சொல்ல மாட்டார். வலை போட்டு உடனிருந்து எடுப்பது இரண்டு நட்டத்தையும் குறைக்கும் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

கொள்ளிடக் கரையில், குறிப்பாகச் சிதம்பரம் பக்கம், முதலை பற்றிய பேச்சு தனி ரகம். குளத்தில் முதலை என்றால் வனத்துறை பிடித்து வக்காரமாரி ஏரியில் விடும். ஊர் நிம்மதியாகிவிடும். ஆனால் அடுத்த வெள்ளத்தில் வாய்க்கால் வழியாக இன்னொன்று வரலாம். எச்சரிக்கைப் பலகையைத் தார்ச்சாலையில் வைத்தால் பேருந்தில் போகிறவர்தான் படிப்பார். குளிக்கிற, துணி துவைக்கிற படித்துறையில் வைக்க வேண்டும். ‘முதலை உள்ளது, கவனம்’ என்பதோடு நிறுத்தாமல், கோழிக்கழிவையும் மீன்கழிவையும் தண்ணீரில் கொட்டாதீர்கள், இருட்டிய பின் இறங்காதீர்கள் என்றும் எழுத வேண்டும். கழிவுதான் முதலையைப் படித்துறைக்குப் பழக்குகிறது. கோடையில் மணற்கரையில் முட்டையிட்ட தாய் முதலை அருகிலேயே இருக்கும். ஆடு மேய்ப்பவர்களிடம் அந்த மாதங்களில் தனியாகச் சொல்ல வேண்டும்.

எல்லாத் துறையையும் ஒரே அறையில் பிடிக்க ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே எழுந்து நின்று தூர்வாரலை எதிர்ப்பதுபோல் ஒரு வாக்கியம் பேசினாலும் காரியம் கெட்டது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச்சேர வேண்டும் என்பதில் அங்கே இரண்டு கருத்து இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. ‘எங்கள் கோரிக்கையால் ஒரு நாளும் தாமதமாகாது’ என்று சொல்ல முடிகிற கோரிக்கைகளை மட்டும் கொண்டுபோவது நல்லது.

அட்டவணையை ஜூன் 12-ஐ வைத்து மட்டும் போடுவதும் ஆபத்து. 2022-இல் மேட்டூர் மே 24-ஆம் தேதியே திறந்தது. 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. ஒன்றில் வேலைக்கான நாள் சுருங்கும், மற்றதில் மடு வற்றும் நாள் நீளும். அதனால் நாட்காட்டியை நம்பாமல், கல்லணை திறக்கும் செய்தி வந்ததும் நோட்டில் உள்ள ஒவ்வொரு மதகுக்கும் தண்ணீர் எப்போது எட்டும் என்று லஸ்கரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நட்ட மூங்கில் கம்புகளை அதற்குள் பிடுங்கிவிட வேண்டும். அவை போய் ஷட்டரில் அடைத்தால் திட்டு லஸ்கருக்குத்தான் விழும்.