புதன் முதல் புதன் வரை: மேபிரிக் வழக்கு நாட்குறிப்பு

2024 ஜூலை 31, புதன்

1889-லும் ஜூலை 31 புதன்கிழமைதான். லிவர்பூல் செயின்ட் ஜார்ஜ் ஹாலில் ஃப்ளாரன்ஸ் மேபிரிக் குற்றவாளிக் கூண்டில் ஏறிய நாள். கிழமையும் பொருந்துவதால், ஏழு நாள் விசாரணையை அதே தேதிகளில் குறித்துக்கொண்டு போகலாம்.

கணவர் ஜேம்ஸ் மேபிரிக், பஞ்சுத் தரகர். மனைவியைவிட 23 வயது மூத்தவர். ஏப்ரல் 27 அன்று உடம்புக்கு முடியாமல் போய், வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்து, மே 11-ல் எய்க்பர்த் வீட்டில் இறந்தார். மனைவி பாஷாணம் (ஆர்செனிக்) கொடுத்துக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. அரசுத் தரப்பில் ஜான் அடிசன், எதிர்த்தரப்பில் சர் சார்லஸ் ரஸ்ஸல்.

ரஸ்ஸல் வழக்கை இரண்டே கேள்விகளாக்கினார். சாவுக்குக் காரணம் பாஷாணமா? ஆம் என்றால், கொடுத்தது இவரா? இந்த வரிசை முக்கியம். முதல் கேள்விக்கே சந்தேகம் என்றால் இரண்டாவதற்குப் போக வேண்டியதில்லை. நடந்தது தலைகீழ்: ஊரே இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லிவிட்டு முதலாவதைத் தேடியது.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஈ கொல்லும் தாள். ஏப்ரல் கடைசியில் ஒரு மருந்துக்கடையில் ஒரு டஜன், இன்னொன்றில் இரண்டு டஜன் வாங்கியிருக்கிறார். படுக்கையறையில் ஒரு பேசினில் அவை ஊறியதை, மேலே துண்டு மூடியிருந்ததை, வேலைக்காரப் பெண்கள் பார்த்தார்கள். பாஷாணம் ஏற்றிய தாள். ஊறவைத்தால் நஞ்சு தண்ணீரில் இறங்கும். பார்த்த மாத்திரத்தில் தூக்குக்கயிறு மாதிரித் தெரியும் சாட்சியம்தான். ஆனால் இரண்டு கடைகளுமே பக்கத்தில், அவரைத் தெரிந்த கடைகள். மறைக்க நினைப்பவர் அங்கேயா போவார்?

இதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. வீட்டில் ‘பூனைகளுக்கு விஷம்’ என்று எழுதிய பொட்டலம் ஒன்றும் அகப்பட்டது. உள்ளே கரித்தூள் கலந்த பாஷாணம். சில்லறையில் விற்கும் பாஷாணத்தில் கரியோ நீலமோ கலக்க வேண்டும் என்று 1851-லேயே அங்கே சட்டம். ஆக இது தாளில் ஊறி வந்ததல்ல, எங்கோ வாங்கியது. எங்கே, யார் வாங்கினார்கள் என்று அரசுத் தரப்பு கடைசிவரை நிரூபிக்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கடிதம். மே 8 அன்று காதலர் ஆல்ஃபிரட் பிரையர்லிக்கு எழுதியது. தபாலில் போடக் குழந்தைகளின் தாதி ஆலிஸ் யாப்பிடம் கொடுத்தார். குழந்தை அதைச் சேற்றில் போட்டுவிட்டது, உறை மாற்றப் பிரித்தேன் என்றார் யாப். பிரித்ததும் நேரே கணவரின் தம்பி எட்வினிடம் போய்விட்டது கடிதம்.

கணவர் சாகும் நிலையில் இருப்பதாக அதில் ஒரு சொற்றொடர். மருத்துவர்கள் அப்போது அவ்வளவு நம்பிக்கை இழக்கவில்லை, பிறகு இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று பிடித்துக்கொண்டார்கள். அவர் அலபாமாவில் பிறந்தவர். அமெரிக்கத் தெற்கில் கடுமையான நோய்க்கு அப்படிச் சொல்வது வழக்கம் என்றது எதிர்த்தரப்பு. நம் வீடுகளிலும் மூன்று நாள் காய்ச்சலுக்கு ‘சாகக் கிடக்கிறான்’ என்போம்.

ஆகஸ்ட் 3, சனி

இன்று முழுக்க வேதியியல்.

கொல்லும் அளவு இரண்டு கிரெய்ன் என்று எடுத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 130 மில்லிகிராம், ஒரு குன்றிமணி எடை. உடல் பாகங்களில் பகுத்து எடுத்தது மொத்தம் பத்தில் ஒரு கிரெய்ன் அளவுதான். இரைப்பையில் எதுவும் இல்லை. குடலிலும் சிறுநீரகத்திலும் ஈரலிலும் மட்டும் இருந்தது. இறப்பதற்கு முன்பே டாக்டர் ஹம்ஃப்ரீஸ் சிறுநீரையும் மலத்தையும் சோதித்து ஒன்றும் காணவில்லை.

அந்தக் காலத்துச் சோதனை எளிது: மாதிரியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விட்டு, சுத்தமான செப்புத் தகட்டைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். பாஷாணம் இருந்தால் தகட்டில் கருஞ்சாம்பல் படலம் ஏறும். சிக்கல், ஆன்டிமனியும் பிஸ்மத்தும்கூடத் தகட்டைக் கறுப்பாக்கும். அதனால் படலத்தைக் கண்டதும் முடிவு சொல்லக் கூடாது. தகட்டைக் கண்ணாடிக் குழாயில் சூடாக்கி, மேலே படியும் எட்டுமுகப் படிகங்களைப் பார்த்த பிறகே பாஷாணம் என்று உறுதி செய்யலாம். அமிலத்திலேயே பாஷாணம் கலந்திருந்தால் எல்லாம் வீண். முதலில் வெறும் அமிலத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

நோயாளியோ மருந்துக்கடையை விழுங்கியவர். மருத்துவர் கொடுத்தவற்றில் சிறிதளவு ஃபௌலர் கரைசலும் உண்டு, அதுவே பாஷாண மருந்து. ஹீட்டன் என்ற மருந்துக்கடைக்காரர், ஜேம்ஸ் பல ஆண்டுகளாகப் பாஷாணத் துளிகள் கலந்த ‘தெம்பு மருந்து’ குடிக்க வருவார், சில நாட்களில் ஐந்து தடவை, ஒரு தடவைக்கு ஏழு துளிவரை என்றார். கணக்குப் போட்டால் நாளுக்கு மூன்றில் ஒரு கிரெய்ன். உடலில் கண்டதைவிட அதிகம்!

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நீதிமன்றம் விடுமுறை. நீதிபதியைப் பற்றி எழுதச் சரியான நாள். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன்: 1872-ன் இந்திய சாட்சியச் சட்டத்தை வரைந்தவர். போன மாதம் முதல் தேதிதான் அது காலாவதியானது. அதே 1872-ல் நிறைவேறிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அவர் கை உண்டு. அதன்படி நம்மூர் செஷன்ஸ் நீதிபதி தூக்கு விதித்தால் உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். ஆனால் 1889 லிவர்பூலில் ஜூரி சொன்னால் சொன்னதுதான். மேல்முறையீட்டு மன்றமே கிடையாது. உள்துறை அமைச்சரிடம் மன்றாடலாம், அவ்வளவே.

ஆகஸ்ட் 5, திங்கள்

குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியம் செய்து சாட்சி சொல்ல அப்போது உரிமை இல்லை (அது 1898-ல்தான் வந்தது). அனுமதி பெற்று ஃப்ளாரன்ஸ் வாக்குமூலம் மட்டும் கொடுத்தார். ஈத்தாள் முகப்பூச்சுக்காக, கணவருக்கான இறைச்சிச் சாற்றில் தூள் கலந்தது கணவர் கெஞ்சியதால், அது என்னவென்று தெரியாது என்றார்.

இது அவருக்கே வினையாயிற்று. அந்தச் சாற்றில் அரை கிரெய்ன் பாஷாணம் இருந்தது. கலந்த பின் அதை நோயாளிக்குக் கொடுக்காமல் நர்ஸ் கோர் எடுத்து வைத்துவிட்டார் என்பதால் சாவுக்கு அது காரணமாக முடியாது. ஜூரியின் காதில் விழுந்ததோ ‘கலந்தேன்’ என்ற ஒரு சொல். குறுக்கு விசாரணை இல்லாத வாக்குமூலத்துக்கு இது ஒரு கெடுதல்: சந்தேகம் கிளம்பும், தெளிவுபடுத்த யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஸ்டீபனின் தொகுப்புரை தொடக்கம். நாளையும் தொடரும்.

ஆகஸ்ட் 7, புதன்

பாஷாணத்தின் அளவைவிடக் கள்ள உறவே இன்றைய உரையில் கனத்தது. ஜூரி முக்கால் மணி நேரம்கூட எடுக்கவில்லை. குற்றவாளி, தூக்கு. வெளியே கூட்டம் நீதிபதியின் வண்டியைப் பார்த்துக் கூச்சலிட்டது.

ஆகஸ்ட் 22, வியாழன்

அன்றும் வியாழன். உள்துறை அமைச்சர் ஹென்றி மேத்யூஸ் தூக்கை ஆயுள் தண்டனையாக்கினார். காரணம் விசித்திரம்: கொல்லும் நோக்கில் பாஷாணம் கொடுத்தார், கொடுக்க முயன்றார் என்பது தெளிவு, ஆனால் சாவுக்குப் பாஷாணம்தான் காரணமா என்பதில் நியாயமான சந்தேகம் உண்டு. அதாவது ரஸ்ஸலின் முதல் கேள்வி கடைசியில் அமைச்சரின் மேசையில்தான் வென்றது. அப்படியானால் கொலை வழக்கில் விடுதலை அல்லவா? கொலை முயற்சி என்று அவர்மேல் வழக்கே போடவில்லையே! போடாத வழக்குக்கு 1904 ஜனவரி வரை சிறையில் இருந்தார். குற்றவியல் மேல்முறையீட்டுச் சட்டம் இங்கிலாந்துக்கு வந்தது 1907-ல்.