கையில் மீதி எவ்வளவு

சூதாட வெளியூர் கிளம்பும் இரண்டு நண்பர்கள், ஒரே ராத்திரி, ஒரு பழைய கார். கதை இவ்வளவுதான். தெரிந்த நடிகர்கள் இல்லை, பெரிய கம்பெனி இல்லை. இயக்குநரும் அவருடைய நண்பர்களும் கையிலிருந்து போட்ட பணத்தில் எடுத்த நகைச்சுவைப் படம். அதில் கண்டினியூட்டி என் பொறுப்பு. போன ஷாட்டில் சட்டையில் எந்தப் பொத்தான் திறந்திருந்தது, கோப்பையில் எவ்வளவு மிச்சம், பேசும்போது எந்தக் கை மேசைமேல் இருந்தது என்றெல்லாம் குறித்துவைத்து, அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

திரைக்கதையில் ‘நிறைய ஜெயிக்கிறார்கள்’, ‘பாதிக்கு மேல் போய்விடுகிறது’ என்றுதான் எழுதியிருந்தது. படிக்க விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் மேசையில், பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் டோக்கன் எத்தனை அடுக்குவது? காட்சிகளை வரிசைப்படி எடுக்கப்போவதும் இல்லை. கூடம் வாடகைக்குக் கிடைக்கிற நாட்களில் மேசைக் காட்சிகளை மொத்தமாக முடித்தாக வேண்டும். தோற்ற காட்சி காலையில், அதற்கு முன்னால் ஜெயித்த காட்சி சாயங்காலம். அதனால் ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும், அந்த நேரத்தில் இருவர் கையிலும் சேர்த்து மீதி எவ்வளவு என்று பென்சிலால் எழுத ஆரம்பித்தேன். கிளம்பும்போது 10,000.

“சிரிப்புப் படத்துக்கு யாருங்க உட்கார்ந்து கணக்குப் பார்க்கப்போறாங்க?” என்று இயக்குநர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் ரூலட் காட்சியில் கிடைத்தது. எண்களும் நிறங்களும் உள்ள சக்கரத்தைச் சுழற்றி, பந்து எதில் போய் நிற்கும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம் அது.

அந்தக் காட்சியில் நண்பர்களில் ஒருவன் சிவப்பின் மேல் 100 வைக்கிறான். சிவப்பு வந்தால் வைத்த அளவே லாபம். தோற்றால் அடுத்த சுற்றில் இரட்டிப்பு. “என்னைக்காவது சிவப்பு வந்துதானேடா ஆகணும், வந்தா போனதெல்லாம் திரும்பிடும்” என்று மற்றவனுக்குப் பாடம் எடுக்கிறான். ஆறு தடவை தோற்று, தலையில் கைவைத்து உட்கார்கிறான். எழுதியிருந்தது இவ்வளவுதான். நான் கூட்டிப் பார்த்தேன். 100, 200, 400, 800, 1,600, 3,200. மொத்தம் 6,300 போயாச்சு. ஏழாவது சுற்றுக்கு 6,400 வேண்டும். கையில் இருப்பது 3,700. அப்படியே கடன் வாங்கி வைத்து ஜெயித்தாலும், போனதெல்லாம் திரும்பி வந்த பிறகு கையில் நிற்கும் லாபம் வெறும் 100.

இதை இயக்குநரிடம் காட்டினேன். அவர் இரண்டு நடிகர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார். கூட வந்த நண்பன் கேட்கிறான்: “சரி, ஜெயிச்சா நமக்கு எவ்வளவு லாபம்?” இவன் விரல்விட்டு எண்ணுகிறான். அப்புறம் மெதுவாக, “நூறு.” அதற்குமேல் அந்தக் காட்சிக்கு எந்தக் கோமாளித்தனமும் தேவைப்படவில்லை. தலையில் கைவைப்பதையும் எடுத்துவிட்டார்கள்.

தொடர்ந்து ஆறு முறை சிவப்பே வராமல் போகுமா என்று ஒளிப்பதிவாளருக்குச் சந்தேகம். நாங்கள் வாடகைக்கு எடுத்த சக்கரத்தில் ஒரே ஒரு பூஜ்யம்; மொத்தம் 37 எண்கள், அதில் 18 சிவப்பு. ஆறு சுற்றும் தவறிப்போக ஏறக்குறைய 55-இல் ஒரு வாய்ப்பு உண்டு. இரண்டு பூஜ்யம் உள்ள அமெரிக்கச் சக்கரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். விடிய விடிய சுற்றும் மேசையில் அது நடக்கத்தான் செய்யும்.

நிஜமான கேசினோவில் படம் எடுக்க எங்களுக்கு வசதி இல்லை. இரண்டே மேசைகள், பின்னால் மங்கலாகத் தெரியும் விளக்குகள், நெருக்கமான ஷாட்டுகள். துணை நடிகர்கள் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். கூட்டத்தின் இரைச்சலைப் பிறகு தனியாகச் சேர்ப்பார்கள். அமைதியான அந்தக் கூடத்தில் மலிவான பிளாஸ்டிக் டோக்கன் கீழே விழும் சத்தம் குட்டை உடைத்துவிடும். கனமான டோக்கன்கள் கொஞ்சம்தான் இருந்தன. அவை நடிகர்கள் கையில், பிளாஸ்டிக் எல்லாம் பின்வரிசைக்கு.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மூத்த நடிகர் பேசும்போதெல்லாம் அடுக்கைக் கலைத்து மறுபடி அடுக்குவார். அதில்தான் அவருக்கு வசனமே ஓடும். ஒவ்வொரு டேக்கிலும் அடுக்கின் உயரம் மாறினால் எடிட்டர் எதை எதனோடு ஒட்டுவார்? “தொடாதீங்க சார்” என்று சொல்லிவிடலாம். சொன்னால் பேச்சின் உயிர் போய்விடும். கடைசியில் தனியாக ஒரு டோக்கனை அவர் கையில் கொடுத்தேன், அதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், அடுக்குப் பக்கம் மட்டும் போகக்கூடாது என்று. படம் முழுக்க அது அவர் விரலிடுக்கில் உருண்டுகொண்டே இருக்கிறது. எல்லாம் தோற்ற பிறகும் அந்த ஒன்று மட்டும் கையில் இருக்கட்டும் என்று அவரே யோசனை சொன்னார். என் கணக்கிலும் அதைச் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் ஒலிப்பதிவாளர், அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மேனின் தீவிர ரசிகர். 1974-இல் வந்த அவருடைய ‘கலிஃபோர்னியா ஸ்ப்ளிட்’ படத்தில் இரண்டு சூதாடிகளும் சுற்றி இருப்பவர்களும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசுவதைப் பிடிக்க எட்டுத் தடங்களில் தனித்தனியாக ஒலிப்பதிவு செய்ததை உற்சாகமாக விளக்குவார். எங்களிடம் சட்டைக்குள் ஒளித்துவைத்த இரண்டு மைக்கும், நீளக் கம்பில் மாட்டித் தலைக்கு மேலே பிடிக்கும் ஒரு பூம் மைக்கும்தான். பேச்சு எவ்வளவு வேண்டுமானாலும் மோதட்டும், தொகை சொல்லும் வார்த்தை மட்டும் தனியாகக் கேட்க வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அதற்காகவே சில டேக்குகளை மறுபடி எடுத்தோம். நேரமும் பணமும் இல்லாத படத்தில் அது பெரிய விஷயம். இயக்குநர் மறுக்கவில்லை.

எடிட்டிங்கில் ஒரு இடத்தில் மட்டும் நான் சொன்னது எடுபடவில்லை. நண்பர்கள் தொடர்ந்து ஜெயிக்கும் பகுதியைப் பாட்டோடு வேகமாக ஓடவிட்டார்கள். டோக்கன் குவிகிறது, கட்டிப்பிடிக்கிறார்கள், விளக்குகள் சுழல்கின்றன. எவ்வளவு ஜெயித்தார்கள் என்பது எங்கும் வராது. தயாரிப்பில் பங்கு போட்டவர்களுக்கு அந்தப் பகுதிதான் ரொம்பப் பிடித்தது. தெரிந்தவர்களைக் கூப்பிட்டு முதலில் போட்டுக்காட்டியபோது நான் பின்வரிசையில் உட்கார்ந்து கூட்டத்தைத்தான் பார்த்தேன். பாட்டு ஓடும்போது நிறைய பேர் செல்போனை எடுத்தார்கள். ரூலட் காட்சி வந்தது. “ஜெயிச்சா நமக்கு எவ்வளவு லாபம்?” என்றதும், அவன் இன்னும் விரலை மடக்கிக்கொண்டிருக்கும்போதே, முன்வரிசையில் யாரோ “நூறு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். நடிகர் சொன்ன “நூறு” யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. அந்தப் பாட்டை இன்னும் பாதியாகக் குறைக்கச் சொல்லி இயக்குநரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.