பிரேஸிங்குக்கு முன்: சைக்கிள் ஃப்ரேம் குழாய்களை அறுத்துப் பொருத்துதல்

முன் முக்கோணத்தின் குழாய்கள் எல்லாம் அறுத்து, அராவி, ஜிக்கில் (குழாய்களைச் சரியான கோணத்தில் பிடித்து வைக்கும் சட்டம்) உட்கார்ந்துவிட்டன. பித்தளையை உருக்கி மூட்டுகளை ஒட்டும் பிரேஸிங்குக்கு இன்னும் நெருப்பு வைக்கவில்லை. 4130 குரோமோலி (ஒரு கலப்பு எஃகு) குழாய்கள்: டாப் டியூப்பும் (மேல் குழாய்) சீட் டியூப்பும் (சீட்டைத் தாங்குவது) 28.6 மி.மீ., டவுன் டியூப் (கீழ்ச் சாய்வுக் குழாய்) 31.8, ஹெட் டியூப் (முன்னால் ஹேண்டில்பார் தண்டு நுழைவது) வெளிவிட்டம் 36. பட்டட் குழாய், அதாவது முனைகளில் சுவர் தடித்தது என்பதால் அங்கே 0.9, நடுவில் 0.6. ஒரே முனையில் அறுத்துக்கொண்டே போனால் தடித்த பகுதி காலியாகி, மூட்டு மெல்லிய சுவரில் விழுந்துவிடும். எந்த முனையில் எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குப் போட்ட பிறகே ஹேக்ஸாவைத் தொட வேண்டும்.

ஒரு குழாயின் முனை இன்னொன்றின் வளைவில் பொருந்தி உட்கார வேண்டும்; அந்த வெட்டு வடிவத்தைத் தாளில் அச்சிட்டு, குழாயில் சுற்றி ஒட்டிக் கோடு போடுவதுதான் எளிது. 28.6 குழாயின் சுற்றளவு 89.8 மி.மீ. தாளில் அந்த நீளம் வராவிட்டால் பிரிண்டர் அளவைச் சுருக்கியிருக்கிறது. அந்தத் தாளைத் தூக்கிப் போடுங்கள். செங்குத்தாகச் சேரும் மூட்டில், 36 ஹெட் டியூப்புக்கு 28.6 குழாயின் வெட்டு ஆழம் 7.1 மி.மீ., 31.8 குழாய்க்கு 9.6. அறுக்கும்போது கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே நின்று, மிச்சத்தை அரத்துக்கு விடுவது நல்லது. குழாயை நேரடியாக வைஸில் இறுக்கினால் நசுங்கிவிடும். அரைவட்டப் பள்ளம் எடுத்த இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே பிடியுங்கள்.

கோடு வரைக்கும் சரியாக அராவியும் மூட்டில் வெளிச்சம் தெரிகிறதே என்று பலரும் குழம்புவது இங்கேதான். தாள் காட்டுவது குழாயின் வெளிப்பரப்பை மட்டும். வெட்டின் இரு பக்கமும் நீட்டி நிற்கும் காதுகளிலும் சுவரின் உள்விளிம்புதான் முதலில் போய் முட்டும். வெளியே இடைவெளி நிற்கும். அதனால் அரைவட்ட அரத்தை, சேரப்போகும் குழாய் எந்தத் திசையில் கிடக்குமோ அதே திசையில் பிடித்துத் தள்ளி, உள்விளிம்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். அரத்தின் வளைவு, சேரும் குழாயின் வளைவை விடக் கொஞ்சம் சிறியதாக இருக்கட்டும். பெரியதானால் காதுகளை மட்டும் தின்னும், நடுவில் தொடாது. 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) எங்கும் நுழையாத வரை அராவுவது எங்கள் அளவுகோல். பித்தளை பெரிய இடைவெளியையும் நிரப்பிவிடும், உண்மைதான்; ஆனால் ஆறிச் சுருங்கும்போது குழாயை அந்தப் பக்கமே இழுக்கும். பிறகு ஃப்ரேமை நிமிர்த்துவது பெரும் பாடு.

மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ 0.5 மி.மீ. இடைவெளி தெரிந்தால் கோணம் சுமார் 1 பாகை தவறு என்று பொருள். இது கண்ணில் பட்டுவிடும். படாமல் போவது முறுக்குப் பிழை: டாப் டியூப்பின் இரு முனை வெட்டுகளும் ஒன்றுக்கொன்று திரும்பி இருப்பது. குழாயின் சுற்றில் வெறும் 0.25 மி.மீ. நகர்ந்தாலே 1 பாகை. ஹெட் டியூப் அந்த அளவு சாய்ந்தால், 700 மி.மீ. கீழே டயர் தரையைத் தொடும் இடம் 12 மி.மீ. விலகிப்போகும். இதற்கு மருந்து ஆங்கிள் இரும்பு. அதைக் குழாயின் மேல் கவிழ்த்தால் தானாகவே நேராக உட்காரும். அதன் விளிம்பை ஒட்டி முனையிலிருந்து முனை வரை கூர்ஊசியால் மெல்லிய கோடு இழுத்து, இரண்டு தாள்களின் நடுக்கோட்டையும் அதே கோட்டில் ஒட்டுங்கள். அராவிய பின் இரு வெட்டுகளிலும் நேரான கம்பி ஒவ்வொன்றை வைத்து, ஒரு முனையிலிருந்து பார்த்தால் ஒன்றின் பின் மற்றது மறைய வேண்டும்.

பி.பி. ஷெல் (பெடல் அச்சு உட்காரும் குழல்) பக்கம் வேலை இரட்டிப்பு. சீட் டியூப்பை முதலில் பொருத்த வேண்டும். டவுன் டியூப் ஷெல்லில் உட்காரும்போது சீட் டியூப்பையும் முட்டும், ஆகவே அந்த முனையில் இரண்டு வெட்டுகள். ஷெல்லுக்கான வெட்டை முடித்து, முட்டும் இடத்தில் மார்க்கர் மை தடவி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் போதும். அவசரப்பட்டால் நீளம் போய்விடும், திரும்ப வராது.

ஒவ்வொரு மூட்டுக்கும் உள்ளே, ஹெட் டியூப்பிலும் சீட் டியூப்பிலும் ஷெல்லிலும், 3 மி.மீ. ஓட்டை போட்டாயிற்று. சூடான காற்று வெளியேற வழியில்லாவிட்டால் உருகிய பித்தளையைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

அடுத்தது செயின் ஸ்டே, ஷெல்லிலிருந்து பின்சக்கரத்தின் அச்சுக்குப் போகும் இரண்டு குழாய்கள். 22.2 குழாயில் டயருக்கு இடம் விட ஒரு பள்ளம் அழுத்த வேண்டும். பின்பக்கத்தைப் பள்ளம் எடுத்த மரக்கட்டை முழுதாகத் தாங்கியிருக்க, முன்பக்கம் உருண்டைக் கம்பியை வைத்து வைஸால் மெதுவாக, குளிர்ந்த நிலையிலேயே. தாங்கல் இல்லையென்றால் எதிர்ச்சுவரும் சேர்ந்து மடங்கும். இடது வலது இரண்டையும் ஒரே கட்டையில் அழுத்திவிட்டு, பள்ளத்தின் ஆழத்தை வெர்னியரில் ஒப்பிட்ட பிறகே அவற்றின் முனைகளை வெட்டுவோம்.