கூரையில் விழுந்த பீட்சா

ஃபீனிக்ஸிலிருந்து ஆல்புகர்க்கிக்குச் சுமார் 675 கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டோம். கல்லூரி நண்பன் வண்டி ஓட்டினான். அவன் மனைவி பின்சீட்டில் புளியோதரை டப்பாவோடு. இவ்வளவு தூரம் போவது ஒரு வீட்டைப் பார்க்க. அதுவும் தெருவில் நின்றபடி.

“அந்த வீட்ல யாராவது குடியிருக்காங்களாண்ணா?”

“இருக்காங்கம்மா.”

“அவங்களுக்கும் அந்த சீரியலுக்கும் என்ன சம்பந்தம்?”

“ஒண்ணுமில்ல. வெளிய ஷூட்டிங் எடுக்க விட்டாங்க, அவ்வளவுதான்.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்தார்.

அந்த சீரியல் ‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொடர். 2008 முதல் 2013 வரை, 5 சீசன், 62 எபிசோடு. நான் முழுதாக மூன்று முறை பார்த்தவன். வால்டர் ஒயிட் என்ற வேதியியல் வாத்தியார் போதைமருந்து காய்ச்சும் இந்தக் கதையை முதலில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் நடப்பதாகத்தான் எழுதியிருந்தார்கள். நியூ மெக்ஸிகோ மாநிலம் படப்பிடிப்புச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது என்பதால் கதையே ஆல்புகர்க்கிக்கு ஊர் மாறியது. இன்று அங்கே பழைய நகரத்து மிட்டாய்க் கடையில், தொடரில் வரும் நீலநிறப் போதைமருந்து மாதிரியே நீலக் கற்கண்டைக் குட்டிப் பொட்டலத்தில் போட்டு விற்கிறார்கள். 2022இல் கதாநாயகர்கள் இருவருக்கும் வெண்கலச் சிலை வைத்தபோது, போதை காய்ச்சுகிறவனுக்கா சிலை என்று உள்ளூரில் முணுமுணுப்பும் எழுந்தது.

ஊர் எனக்கு உடனே பிடித்துப்போனது. அக்டோபர் மாதம். கடை வாசல்களில் இரும்புக் கூண்டை நெருப்பின்மேல் சுழற்றிப் பச்சைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிடப் போனால் “சிவப்பா, பச்சையா?” என்று மிளகாய்க் குழம்பைக் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டுமென்றால் “கிறிஸ்துமஸ்” என்று சொல்ல வேண்டுமாம். நண்பனின் மனைவி மூன்று வேளையும் கிறிஸ்துமஸ்தான்.

மதியம், தொடரில் வால்டரின் வீடாக வரும் அந்த வீட்டுக்குப் போனோம். சாதாரணத் தெரு, ஒற்றைமாடிகூட இல்லாத வீடு. சுற்றிலும் ஆளுயர இரும்பு வேலி. படம் எடுப்பதென்றால் எதிர்ப்பக்கம் நின்று எடுங்கள் என்று அறிவிப்புப் பலகை. ஜன்னல் திரைகள் இழுத்து மூடியிருந்தன. எங்களுக்கு முன்பே இரண்டு கார்கள் நின்றன. கறுப்புத் தொப்பி வைத்த பையன் ஒருவன் பீட்சா பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க, இன்னொருவன் படம் எடுத்தான். பெட்டி காலிதான். ஆனால் வீட்டுக்குள் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

பீட்சாவுக்கு ஒரு கதை உண்டு. 2010இல் வந்த ஒரு காட்சியில், மனைவி கதவைச் சாத்தியதும் கோபத்தில் வால்டர் ஒயிட் பீட்சாவை வீசுவான். அது கராஜ் கூரையில் அப்படியே மல்லாந்து விழும். நடிகர் பிரையன் கிரான்ஸ்டன் முதல் வீச்சிலேயே சாதித்தது அது. அதன்பிறகு ரசிகர்கள் அந்தக் கூரைமேல் நிஜப் பீட்சாக்களை வீச ஆரம்பித்தார்கள். தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே 2015இல் வெளிப்படையாகத் திட்டினார்: இதில் புதுமையும் இல்லை, வேடிக்கையும் இல்லை என்று. அப்படியும் அடங்காமல் 2017இல் வேலி போட வேண்டியதாயிற்று. தோட்டத்துக் கற்களைத் திருடினார்கள். ஃபோட்டோவில் விழுகிறது, கராஜ் கதவை மூடுங்கள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று வீட்டுக்காரர்களையே விரட்டினார்கள்.

எனக்கென்னவோ இதில் கெட்டவர்கள் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள் என்றுதான் படுகிறது. வந்தவன் ஒவ்வொருவனும் ஒரே ஒரு தடவைதான் வந்தான். வாழ்நாள் ஆசை, தீர்ந்தது, போய்விட்டான். வீட்டுக்குள் இருப்பவருக்கு அது தினசரிக் கூத்து.

கூரையோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. வால்டரின் மனைவி ஸ்கைலராக நடித்த அன்னா கன் 2013இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். கணவனின் குற்றத்துக்குக் குறுக்கே நிற்பதற்காக ஸ்கைலரை வெறுத்தவர்கள், மெல்ல நடிகையையே வெறுக்கத் தொடங்கினார்களாம். அவர் எங்கே கிடைப்பார், கொல்ல வேண்டும் என்று ஒருவன் இணையத்தில் கேட்டிருக்கிறான். படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. முதல் முறை பார்க்கையில் நானும் ஸ்கைலரைத் திட்டியவன்தான். கொலைகாரனை விட்டுவிட்டு, அவனைக் கேள்வி கேட்டவளை.

நண்பனின் மனைவி காரைவிட்டு இறங்கவில்லை. “அடுத்தவங்க வாசல்ல போய் எதுக்குண்ணா நிக்கணும்?” என்றார். நாங்கள் எதிர்ப்பக்கம் நின்று நான்கு படம் எடுத்தோம். ஐந்தாவதுக்குக் கோணம் சரியில்லை என்று நான் மட்டும் தெருவைக் கடந்தேன். பத்து விநாடி இருக்கும்.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. ஃபோனை எடுக்கச் சட்டைப்பைக்குள் கைவிட்டேன். கூடவே நெல்லிக்காய் அளவு கல் ஒன்று வந்தது.

“என்னடா மாப்ள அது?”

“வேலிக்கு வெளியதான்டா கிடந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான்.”

பின்சீட்டிலிருந்து சத்தமே இல்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்துத் திரும்பினேன். விழித்துத்தான் இருந்தார்.